ஞானப்பாட்டு வருவதற்கு முன்

வில்லியனூர்ப் பக்கம் எங்கள் மாதா கோயிலில் கீபோர்டு வாசிப்பவருக்குப் பகலில் டைல்ஸ் ஒட்டும் வேலை. உட்கார்ந்ததும் நகத்தில் காய்ந்த வெள்ளைச் சிமெண்டைச் சுரண்டுவார். பிறகுதான் கட்டையைத் தொடுவார். நான் பங்குப் பேரவைச் செயலாளர், ஓய்வுபெற்ற அரசு அதிகாரி. விதி இல்லாத இடத்திலும் ஒன்றைக் கண்டுபிடித்துவிடுவேன்.

அவரோடு டைல்ஸ் ஒட்டிய கூட்டாளி இறந்துபோனார். அடக்கப் பூசை முடிந்து பெட்டியைத் தூக்கும் நேரத்தில் இவர் எதையோ வாசிக்கத் தொடங்கினார். அந்தக் காலத்து ஜெர்மானியர் ஒருவர் பியானோவுக்கு எழுதிய ஆறு பிரெலூட், ஃபியூக் ஜோடி இசைத்துண்டுகளில் முதலாவது என்று, அவர் வைத்திருந்த தாளைப் பார்த்துப் பிறகு தெரிந்தது. ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தது. தடுமாறி மறுபடி ஆரம்பிக்கிறார் என்று நினைத்தேன்.

"இன்னாபா இது? சாவுக்கு ஞானப்பாட்டு மட்டும்தான். வராத பாட்ட வூட்ல பழகு" என்று சுவிட்சை அணைத்தேன்.

"தப்பா வாசிக்கல சார். ஒரே வரிய நாலு பேரு ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா பாடுறாங்க. எனக்குக் கை ரெண்டுதான்" என்றார். பெட்டி வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தது. "கடைசியில ஞானப்பாட்டுதான் சார் வரும். அதுக்குள்ள நிறுத்திட்டீங்க."

வீட்டில் ஃபோனில் தேடிக் கேட்டேன். நான்கு குரல்களும் மோதிப் புரண்டு ஓய்ந்த பிறகு, ஆமாம், ஞானப்பாட்டுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரிடம் போய், "அத ஒரு நாள் முழுசா வாசிங்களேன்" என்றேன்.

நகத்தைச் சுரண்டிக்கொண்டே நிமிர்ந்தார்.

"யாருக்கு சார்?" என்று கேட்டார், மரியாதையாகத்தான்.