கதவுக்குள் இருந்த மரியாதை

முடிதிருத்தும் கடையில் நாள் முழுக்க அவர் வாயிலிருந்து வருவது ஒன்றுதான்: "நிமிரு தம்பி." பையன்களின் தலை போனை நோக்கிச் சரியும். அவர் இரண்டு விரலால் தாடையைத் தூக்கிவிடுவார். கத்தரி நாலு தரம் பேசுவதற்குள் மறுபடி சரியும். தெருவே அவரை 'நிமிரு அண்ணன்' என்றது.

"இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குக் கூப்பிட்டா ஏன்னு கேக்கத் தெரியுதா? என் வீட்லயும் ஒண்ணு இருக்கே. தொண்டை கிழியக் கத்தினா, கதவுக்குள்ள இருந்து 'என்ன?'ன்னு ஒரு உறுமல்!" என்பார். சோப்பு நுரை பூசிய முகங்கள் தலையாட்டும். வீட்டிலும் அதே பாட்டுதான். பத்தாவது படிக்கும் மகள் கதவுக்குள் இருந்தே கேட்டுக்கொள்வாள்.

மனைவி தன் தங்கையின் பிரசவத்துக்குப் போயிருந்த சமயம். ஒருநாள் பொழுது சாயும் நேரம், செருப்பைக் கழற்றியபடி, "அம்மாடி!" என்றார். மூடிய கதவுக்குள்ளிருந்து, "வாங்கப்பா, இதோ வரேன்" என்றது குரல்.

அவருக்குக் காதையே நம்ப முடியவில்லை. "சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்ப்பா. நீங்க சாப்பிடுங்க."

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். வருகிறேன் என்றவள் வந்தாளா என்று அவர் பார்க்கவில்லை. அந்தக் குரலே போதுமாயிருந்தது. கதவோரம் நின்று கடைக் கதையெல்லாம் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். "கண்டிச்சு வளத்தா திருந்தும்யா" என்று கடையில் ஒரே பெருமை.

பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள், "பாவம், உங்க பொண்ணுக்குத் தொண்டை கட்டிப் பேச்சே வரல" என்றபோது சிரித்துவிட்டார். முந்தின நாள்கூட மணி அடித்தாற்போல் பேசினாளே!

அன்று மாலையும் கூப்பிட்டார். "வாங்கப்பா, இதோ வரேன்."

முதுகுக்குப் பின்னால் கேட் கிறீச்சிட்டது. தோளில் பள்ளிப் பையோடு மகள் நின்றாள்.

அவர் கதவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "உள்ள யாரு?"

"பழைய போன்," என்றாள் கட்டிய தொண்டையில் கரகரவென்று. "கூப்பிட்டா என் குரல்லயே பதில் சொல்லப் பழக்கி வச்சேன். நீங்க கேட்ட மரியாதைதான். ஒருநாள் கூத்துக்குத்தான்ப்பா வச்சேன், கதவைத் தொறந்து பாப்பீங்கன்னு."

"அப்ப இத்தனை நாளும் நீ எங்க இருந்த?"

"மாடிப்படியில. நீங்க அதுகிட்ட எப்படிச் சிரிச்சுப் பேசினீங்க! என்கிட்ட அப்படிப் பேசினதே இல்ல. அதான் நிறுத்த மனசு வரல."

அவர் கை, பழக்கத்தில், அவள் தாடையைத் தூக்கியது. கன்னம் ஒட்டியிருந்தது. உதடு வெடித்திருந்தது. ஊர் முகமெல்லாம் பார்க்கிறவர், இதைப் பார்க்கவில்லை.

"சாப்பிட்டியாம்மா?"

அவள் வாயைத் திறந்தாள்.

"சாப்பிட்டேன்ப்பா," என்றது கதவுக்குள்ளிருந்த குரல், மணி அடித்தாற்போல். "நீங்க சாப்பிடுங்க."

அவள் வாயை மூடிக்கொண்டாள். தாடை அவர் விரலிலிருந்து நழுவி, மறுபடி குனிந்தது.