கடைசியாகப் பேசுகிறவன்

அந்த அம்மாவின் வலது மணிக்கட்டு ஒடிந்ததில் எனக்கும் பங்கு உண்டு. இதுவரை யாரும் என் முகத்துக்கு நேரே அப்படிச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது வாதாடியிருப்பேன், மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்.

அருப்புக்கோட்டையை ஒட்டிய ஒரு நூல் மில்லில் டைம் ஆபீஸ் என் பொறுப்பு. யார் வந்தார்கள், யார் வரவில்லை, எந்த ஷிஃப்டுக்கு எந்த வேன் என்பதெல்லாம் என் தலையில்தான் விடியும். திருச்சுழிக்குத் தெற்கே இருக்கும் ஊர்களிலிருந்து பெண்களை ஏற்றிவரும் வேன் தார் ரோட்டில் சுற்றிக்கொண்டு வரும். காலை ஷிஃப்டுக்கு என்றைக்கும் தாமதம். கரிசல் காட்டுக்குள் ஒரு வண்டிப்பாதை போகிறது, அதில் வந்தால் சீக்கிரம் வந்துவிடலாம் என்றார் டிரைவர். அதை முடிவு செய்ய மேனேஜர் அறையில் கூடினோம். மேனேஜர், மேஸ்திரிகள் இரண்டு பேர், டிரைவர், நான்.

அப்போது ஆவணி மாதம். அந்த அறையில் மேனேஜரைத் தவிர எல்லாருக்கும் கொஞ்சமாவது மானாவாரி நிலம் உண்டு. புழுதியில் விதையைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம். எங்கள் பக்கத்து ஆட்கள் மழையைக் குறை சொல்லி ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். கல்யாண வீட்டில் பந்தல் ஒழுகி இலையில் தண்ணீர் கொட்டினாலும் "பெய்யட்டும், பெய்யட்டும்" என்றுதான் சொல்வார்கள். மழை வந்தால் காரியம் கெட்டுவிடும் என்று ஒருவன் வாயைத் திறந்தால், மழையே வேண்டாம் என்று அவன் சொன்னதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

"என்னப்பா, சரிதானே?" என்று மேனேஜர் கேட்டார். கரிசல் நனைந்தால் சக்கரம் எப்படிப் புதையும் என்பது எங்களில் யாருக்கும் தெரியாததில்லை. பாலவனத்தத்தில் எனக்கும் இரண்டு ஏக்கர் இருக்கிறது, அதில் சோளம் விதைத்திருந்தேன். மழைக்காலத்தில் என்ன செய்வது என்ற கேள்வி என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விதை மண்ணுக்குள் கிடக்கும்போது அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. "சரிதான் சார்" என்றேன். எல்லாரும் அதையே சொன்னார்கள்.

ஐப்பசியில் நல்ல மழை பெய்தது. என் சோளமும் தளதளவென்று நின்றது. வேன் மட்டும் பாதி வழியில் சேற்றில் சிக்கிக்கொண்டது. பெண்கள் இறங்கி நடந்தார்கள். ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டதே என்று விரசாக நடந்த ஒரு அம்மா வழுக்கி, கையை ஊன்றி விழுந்தார். மெஷினில் அறுந்த நூலைப் பிடித்து ஒட்டுகிற வேலை அவருக்கு. அதற்கு விரல்கள் சொன்னபடி கேட்க வேண்டும். எலும்பு கூடியது, ஆனால் விரல்கள் பழையபடி மடங்கவில்லை. கணவர் இல்லாதவர். மகள் காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் சம்பாதித்த கை அது ஒன்றுதான்.

பார்க்கப் போனபோது, "மழை பெஞ்சுச்சுல்ல சார், அது போதும்" என்றார். அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

திரும்பி வந்ததிலிருந்து எனக்கு ஒரே எரிச்சல். என் மேல் இருந்த கோபத்தை அடுத்தவர்கள் மேல் காட்டினேன். எதற்கெடுத்தாலும் தலையாட்டுகிற கூட்டம் என்று மேனேஜரிடமே கத்தினேன். பிறகு பொறுமையாக உட்கார்ந்து ஒரு வழி சொன்னேன். எந்த முடிவு எடுத்தாலும், அது ஏற்கெனவே நாசமாய்ப் போய்விட்டது என்று முதலில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏன் நாசமாய்ப் போனது என்று ஆளுக்கொரு காரணம் சொல்ல வேண்டும். பெரியவர்கள் முதலில் பேசினால் சின்னவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள் என்பதால், இளையவர்களிடமிருந்து ஆரம்பிக்க வேண்டும். கூட்டத்தை நடத்துகிறவர் எல்லாருக்கும் கடைசியில்தான் பேச வேண்டும். நடத்தும் வேலையை மேனேஜர் என்னிடமே கொடுத்துவிட்டார்.

"நல்ல காரியம் பேசையில எதுக்கு சார் அபசகுனமாப் பேசச் சொல்றீக?" என்று மூத்த மேஸ்திரி முகம் சுளித்தார். முதல் ஒன்றிரண்டு கூட்டங்களில் ஒவ்வொருவரிடமிருந்தும் காரணத்தைப் பிடுங்கி எடுக்க வேண்டியிருந்தது. போகப் போக ருசி கண்டுவிட்டார்கள். வேன் தார் ரோட்டுக்கே திரும்பியது. கேன்டீன் அடுப்பை வாசல் பக்கம் மாற்றும் யோசனையை, "பஞ்சு லாரி அந்த வழியாத்தானே வரும்?" என்ற ஒரே கேள்வியில் டிரைவர் கவிழ்த்தார். செய்த தப்புக்குப் பரிகாரம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு நானும் நெஞ்சை நிமிர்த்தித்தான் திரிந்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மாசி மாதம் அந்த அம்மா மில்லுக்கு வந்தார்.

"இடது கை நல்லாத்தான் சார் இருக்கு. பேக்கிங்குல லேபிள் ஒட்டுற வேல குடுங்க. ஒக்காந்துக்கிட்டே செஞ்சிருவேன்."

"பேசிப் பாக்குறேம்மா" என்றேன். உண்மையாகவே வாங்கிக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

கூட்டம் போட்டோம். அவரை வேலைக்கு எடுத்து அது கெட்டுப்போனது என்று வைத்துக்கொள்வோம், ஏன் கெட்டது? வழக்கம்போல நான்தான் கேட்டேன். கம்ப்யூட்டரில் வருகை பதிகிற பெண்ணையும் இப்போது கூட்டத்தில் சேர்த்திருந்தோம், அவள்தான் எங்களில் இளையவள். ஒற்றைக் கையால் ஒட்டினால் பேக்கிங் பின்தங்கும் என்றாள். வேனில் ஏறி இறங்கும்போது மறுபடி விழுந்தால் என்ன செய்வது என்றார் டிரைவர். நாளைக்கு இன்னொரு ஆள் இடுப்பு வலி என்று உட்காரும் வேலை கேட்பார் என்றார் இளைய மேஸ்திரி. அதே கையில் இன்னொரு அடி பட்டால் மில்தான் பதில் சொல்ல வேண்டும் என்றார் மூத்தவர். அபசகுனம் என்றவர் இப்போது தயங்கவே இல்லை. ஒருவர் பேச்சிலும் பொய் இல்லை, யாருக்கும் அவர் மேல் பகையும் இல்லை. நான் சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்தார்கள்.

"எல்லாம் நியாயமாத்தான் இருக்கு" என்றார் மேனேஜர். பிறகு என் முறை வந்தது.

அவர் கையை ஒடித்ததே நாம்தான் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அவரை எடுக்காமல் விட்டால் என்ன கெடும் என்றாவது கேட்டிருக்கலாம். நான் வகுத்த முறையில் அந்தக் கேள்விக்கு இடமே வைக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எல்லாரும், நன்றாகச் செய்தோமா என்று கேட்பதைப் போல என்னையே பார்த்தார்கள். நானே கொண்டுவந்த ஒழுங்கை நானே எப்படிக் கலைப்பது என்று ஒரு கௌரவம் தடுத்தது.

"புதுசா எதுவும் இல்ல சார்" என்றேன்.

மறுநாள் திருச்சுழி பஸ் பிடித்து அவர் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் உட்கார்ந்து இடது கையால் மிளகாய் வற்றலில் சொத்தை பொறுக்கிக்கொண்டிருந்தவர், எழுந்து நாற்காலி எடுத்துப் போட்டார். விஷயத்தைச் சொன்னேன்.

"யாருமே எனக்காகப் பேசலையா சார்?"

எங்கள் முறையை விளக்கினேன். சின்னவர்கள் முதலில் பேசுவார்கள், நான் எல்லாருக்கும் கடைசி என்றேன்.

"கடைசியில நீங்க என்ன சொன்னீக?"

"எல்லாரும் சொன்னதைத்தாம்மா சொன்னேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"காரியாபட்டி ரோட்டுல ஒரு மில்லு இருக்காமே, அங்க கேட்டுப் பாக்குறேன். தெரிஞ்சவுக யாரும் இருக்காகளான்னு கேப்பாக. ஒங்க பேரச் சொல்லலாமா சார்?"

"சொல்லுங்கம்மா" என்றேன்.