மயக்கத்துக்குள் யார் இருந்தார்

தென்காசியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நான் மயக்க மருந்து டாக்டர். ஒருவரின் நினைவை இழக்கச் செய்து, ஆபரேஷன் முடிந்ததும் திரும்பக் கொண்டுவருவது என் வேலை. போவது என்ன, திரும்பி வருவது என்ன என்று மேற்கிலிருந்து வந்த எங்கள் பாடப்புத்தகங்களிலும் முழுசாக இல்லை. அதைப் பற்றி நான் கவலைப்பட்டதும் இல்லை.

போன குற்றால சீசனில் பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறிக் கடை வைத்திருக்கும் ஒருவரை ஐந்தருவியிலிருந்து தூக்கி வந்தார்கள். பாறையில் வழுக்கித் தலையில் அடி. மூளையில் கட்டியிருந்த ரத்தத்தை ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பிழைத்துவிட்டார். கண்தான் திறக்கவில்லை.

அவர் மனைவி தினமும் கட்டிலருகே நின்று மார்க்கெட் நிலவரம் சொல்வார். தக்காளி விலை இறங்கிவிட்டது, உள்ளி, அதான் சின்ன வெங்காயம், ஏறிவிட்டது, வடகரைத் தேங்காய்க்காரர் விசாரித்தார் என்று.

“அவருக்குக் கேக்கும்னு நினைக்கீங்களா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“கேட்டாலும் கேக்காட்டாலும் எனக்குச் சொல்லணும்லா.”

நோயாளியின் அண்ணன் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். குற்றாலத்தில் வேதாந்த வகுப்புக்குப் போகிறவர். அவர் தம்பியிடம் பேசமாட்டார், என்னிடம் பேசுவார்.

“டாக்டரம்மா, அவன் உள்ள இருக்கானா?”

“மூளை கொஞ்சம் வேலை செய்யுது. கூப்பிட்டா பதில் இல்லை. அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியலை அண்ணாச்சி.”

“எங்க வகுப்புல சொல்லுதாவ, மனசு அடங்கினாலும் பாத்துக்கிட்டே இருக்கிற சாட்சி ஒண்ணு உண்டும்னு. காலைல எந்திரிச்சு ‘நல்லாத் தூங்கினேன்’னு சொல்லுதோம்லா? தூக்கத்தைப் பாத்தவன் இருந்தாத்தான அதைச் சொல்ல முடியும்?”

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. “என் பேஷண்ட்ல நிறையப் பேரு ‘நல்லாத் தூங்கினேன்’னு சொல்லுததில்லை. ‘இன்னும் ஆரம்பிக்கலையா’ன்னுதான் கேக்காங்க. நேரம் போனதே தெரியாது. உங்க சாட்சி அப்ப எங்க போனாரு?”

அன்று அண்ணாச்சி கிளம்பிவிட்டார். மறுநாள் வராந்தாவில் காத்திருந்தார். “ஞாபகம் இல்லேன்னா, பாத்தவனே இல்லேன்னு ஆயிருமா?”

எனக்குச் சுருக்கென்றது. நாங்கள் கொடுக்கும் மருந்துகளில் ஒன்று அப்படித்தான். அதைப் போட்ட பிறகும் நோயாளி பேசுவார், சொன்னால் கையைத் தூக்குவார். பின்னால் எதுவும் நினைவிருக்காது. அதை மறைக்காமல் அவரிடம் சொன்னேன்.

“அப்ப உங்களுக்கும் தெரியாதுங்கீங்க.”

“தெரியாது. ஆனா எனக்குத் தெரியலைங்கிறதால சாட்சி இருக்குன்னு ஆயிராதுல்லா.”

“அதுவும் நியாயந்தான்” என்றார். இருவரும் டீ குடித்தோம்.

சாரல் ஓயும் சமயத்தில் நோயாளி கண் திறந்தார். குரல் வந்ததும் அண்ணன் கேட்ட முதல் கேள்வி, “ஏலே, உள்ள என்னலே இருந்தது?”

“பஸ்ஸை விட்டு இறங்கினேன். இங்கன கிடக்கேன். தண்ணி கொடு.”

இடையில் ஒன்றுமே இல்லை. அண்ணனின் முகம் வாடிவிட்டது. ஜெயித்துவிட்டதாக எனக்கும் தோன்றவில்லை. அதிலிருந்து எதையும் நிரூபிக்க முடியாது என்று எனக்கே தெரியும்.

சில மாதம் கழித்து மூவரும் மறுபரிசோதனைக்கு வந்தார்கள். நோயாளி உற்சாகமாக இருந்தார். “இவ வந்து விலை சொன்னதெல்லாம் எனக்குக் கேட்டுச்சு டாக்டரம்மா. உள்ளி விலையைக் கேட்டுக் கோவங்கூட வந்துச்சு.”

அண்ணன் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

மனைவி சிரித்துவிட்டார். “வீட்டுக்கு வந்த பொறவு நாந்தான் கஞ்சி கொடுக்கும்போதெல்லாம் இதைச் சொல்லிக்கிட்டு இருந்தேன். இப்ப அவுகளே கேட்ட மாதிரி சொல்லுதாவ.”

“இல்லட்டி, கேட்டேன்.”

பலமுறை கேட்ட கதை சொந்த ஞாபகமாகிவிடுவது உண்டு. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அண்ணனே, “இதைக் கணக்குல எடுக்கப்படாது டாக்டரம்மா” என்றார். அன்று அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது.

நோயாளியின் இடது கையில் இன்னும் பலம் வரவில்லை. ரப்பர் பந்தை அழுத்தும் பயிற்சியைச் சொல்லிக் கொடுத்தேன். தக்காளியை அழுத்திப் பார்த்தால் போதாதா என்று கேட்டார். போதாது என்றேன்.