சர்வர் படுத்துக்கிச்சு

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் மூன்று கம்ப்யூட்டர் சென்டர்கள். மூன்றுக்கும் ஒரே இன்டர்நெட் லைன். என் தங்கையின் கல்லூரி விண்ணப்பத்துக்கு அன்றுதான் கடைசி நாள். காதில் பேனா செருகிய ஆபரேட்டர் எத்தனை தடவை தட்டியும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பேனாவை எடுத்துக் கடித்தார். பிறகு வாசலில் நின்று கத்தினார்: "சர்வரே படுத்துக்கிச்சு! டீ சாப்ட்டு வாங்கப்பா!"

மற்ற இரண்டு சென்டர் ஆபரேட்டர்களும் எழுந்து டீக்கடைக்குப் போனார்கள். இவர் திரும்பி வந்து ஒரே ஒரு தடவை தட்டினார். விண்ணப்பம் போய்விட்டது.

"பொய் சொல்லிட்டீங்களே?"

"எல்லாரும் ஒண்ணா தட்டிக்கினு இருந்தா ஒருத்தருக்கும் போவாதுங்க. அடுத்த வாட்டி பக்கத்து சென்டர்காரரு கத்துவாரு. பொய்யின்னு தெரிஞ்சிக்கினேதான் நான் டீக்குப் போவேன்."

நெட்வொர்க் நெரிசலைக் குறைப்பதுதான் என் ஆராய்ச்சி. கம்ப்யூட்டர்கள் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்க நான்கு வருடமாக வழி தேடுகிறேன். டீ என்று ஒன்று எனக்குத் தோன்றவே இல்லை.