ஆத்தாளுக்கு விட்ட தாயக்கட்டை

காலையில் கம்பத்துக்குப் போகிற டவுன் பஸ் கிளம்பிவிட்டால் எங்கள் தெருவில் ஆள் சத்தம் அடங்கிவிடும். திராட்சைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் அதற்கு முன்னமே போயிருப்பார்கள். அப்புறம் வீட்டில் நானும் என் வீட்டுக்காரரும்தான். இரண்டு பேர் இருக்கிற வீடு என்று பேர். போன வருடம் அவருக்கு இடது பக்கம் வாதம் அடித்ததிலிருந்து எனக்குப் பேச்சுத் துணை சாமி படம்தான்.

அவருக்குப் பேச்சு அடியோடு போய்விடவில்லை. வாய் ஒரு பக்கம் இழுப்பதால் வார்த்தை குழறும். குழறுகிற பேச்சை யாரும் கேட்டுவிடக் கூடாது என்று வாயையே மூடிக்கொண்டார். சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். நான் அரிசி புடைத்துக்கொண்டே, "மேக்க மழை மோடம் போட்டிருக்குங்க" என்று சொல்லிப் பார்ப்பேன். பதில் வராது. திருப்பூரிலிருந்து மகள் வீடியோ காலில் வந்தால் மட்டும் தலையை ஆட்டிச் சிரிப்பார். "அப்பா நல்லா இருக்காக" என்று நான் அவளிடம் சொல்வதையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருப்பார். போன் அணைந்ததும் மறுபடி சுவர்.

முன்பு எங்கள் வீடு இப்படி இல்லை. மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு எங்களுக்குத் தாயம் ஆடுகிற பழக்கம் பிடித்துக்கொண்டது. தோட்டத்து வேலை முடித்து வந்து, சாப்பிட்டுவிட்டு, வெயில் தாழும் வரை நடுவீட்டில் சாக்பீஸால் கட்டம் கிழித்து உட்காருவோம். பித்தளைத் தாயக்கட்டை என் சீரோடு வந்தது. அவருக்குக் காய் புளியங்கொட்டை. எனக்கு உடைந்த வளையல் துண்டு. அவர் கள்ளாட்டம் ஆடுவார். நாலு விழுந்தால் ஐந்து என்பார். காயை ஒரு கட்டம் கூடுதலாகத் தள்ளிவிட்டு முகட்டைப் பார்ப்பார். நான் போடுகிற சத்தத்தில் பக்கத்து வீட்டு மதினி சன்னலுக்கு வந்துவிடுவாள்.

"பேரன் பேத்தி எடுக்குற வயசுல என்ன மதினி கொண்டாட்டம்? அண்ணன் உங்கள வெட்டுனாகளா, நீங்க அண்ணன வெட்டுனீகளா?"

"ஒங்க அண்ணன் வெட்டல, களவாங்குறாக!"

கேலி செய்தவர்கள் செய்யட்டும். அந்த மதிய நேரத்தில் மழைக்குப் பூ உதிர்ந்த திராட்சைக் கொடியும் ஞாபகம் வராது, விலை இல்லாமல் வெட்டாமல் நிற்கிற பழமும் ஞாபகம் வராது. எழுந்திருக்கும்போது உடம்பு இலேசாக இருக்கும். சாயங்காலம் மறுபடி மண்வெட்டியைத் தூக்க அவருக்குச் சலிப்பே வராது. ஆடியதால்தான் அப்படி என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

அவர் விழுந்த அன்று தேனி ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எங்கள் ஊர்க் கோவில் ஆத்தாளை வேண்டினேன். தீச்சட்டி எடுக்கிறேன் என்றேன். அது எல்லோரும் சொல்வதுதானே, போதாதோ என்று பயமாக இருந்தது. நமக்கு ரொம்பப் பிரியமானதை விட்டுக்கொடுத்தால்தான் ஆத்தா மனம் இரங்குவாள் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். என்னிடம் நகையா நட்டா இருக்கிறது? நான் ஆசையாக வைத்திருந்தது அந்த ஆட்டம் ஒன்றுதான். "இனிமேல் தாயக்கட்டையைக் கையால் தொட மாட்டேன், அவரைத் தா" என்று சொல்லிவிட்டேன். தந்தாள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வேண்டுதலை வெளியே சொன்னால் பலன் குறையும் என்று அவரிடமும் சொல்லவில்லை.

கம்பத்திலிருந்து பிசியோதெரபிக்கு ஒரு பெண் வந்தது. சின்ன வயது, பொறுமையான பிள்ளை. இடது கையால் அமுக்கச் சொல்லி ஒரு ரப்பர் பந்து கொடுத்தது. அவர் தொடவில்லை. வந்தபோதெல்லாம் அது கெஞ்சும், இவர் கண்ணை மூடிக்கொள்வார். ஒருநாள் அது என்னிடம், "அம்மா, ஐயாவுக்கு என்ன விளையாட்டுப் பிடிக்கும்? மருந்து மாதிரி குடுத்தா அந்தக் கை வேல செய்யாது. ஆசையா எதையாச்சும் பிடிக்கணும். இப்படியே விட்டா விரல் மடங்கிப் போயிரும்" என்றது.

நான் வாயைத் திறக்கும் முன்னே கட்டிலிலிருந்து சத்தம் வந்தது.

"தாயம்."

குழறல்தான். ஆனால் தெளிவாகக் கேட்டது. அவர் சுவரை விட்டுத் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாயக்கட்டையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துத் தேய்த்துத்தான் உருட்ட வேண்டும். அந்தப் பெண்ணுக்கு ஒரே சந்தோசம். நான் சாமி படத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

மறுநாள் பக்கத்து வீட்டு மதினியின் புருசன், அந்த அண்ணனைக் கூட்டிவந்து எதிரே உட்கார வைத்தேன். நல்ல மனிதர். அதுதான் வினையாகப் போயிற்று. வேண்டுமென்றே தோற்றார். வெட்ட வேண்டிய காயை வெட்டாமல் தாண்டிப் போனார். "ஆகா, மாப்ள ஜெயிச்சிட்டீகளே" என்றார். என் வீட்டுக்காரர் வலது கையால் காய்களைத் தள்ளிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

அண்ணன் போன பின் என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்து, "நீ வா" என்றார்.

"எனக்கு வேல கெடக்குங்க."

"என்ன வேல?"

அடுப்படிக்குள் போய்விட்டேன். அதன் பிறகு அவர் கேட்கவில்லை. அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் பாத்திரச் சத்தம் மட்டும்தான். அவர் கை மடங்கிக்கொண்டே வருவதை நான் பார்க்கிறேன். அவருக்கு எதிரே உட்காரத் தெரிந்த ஆள் ஊரில் நான் ஒருத்திதான். அந்த என்னைத்தான் நான் ஆத்தாளிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போய்ப் பூசாரியிடம் பூக்கட்டிப் பார்க்கச் சொன்னேன். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலமும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலமுமாகக் கட்டி ஆத்தா காலடியில் போட்டு ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் இல்லை.

"என்ன கேக்கணும் தாயி?"

"ஆத்தாளுக்கு விட்டத நான் திரும்ப எடுத்துக்கிறலாமான்னு கேளுங்க சாமி."

கண்ணை மூடிக் கும்பிட்டேன். பிரித்தார். சிவப்பு.

"ஒரு தடவதான் கேக்கணும், தாயி" என்றார், நான் கேட்கும் முன்னமே. என் முகத்தைப் பார்த்திருப்பார் போல. "இப்படித்தான் எல்லாரும் வந்து இன்னொருக்கக் கட்டச் சொல்றாக."

நான் மறுபடி கட்டச் சொல்லவில்லை. ஆத்தா சொன்னால் சொன்னதுதான். ஆனால் வீட்டுக்கு நடந்து வரும்போது, இந்த உலகத்தில் என்னைப் போலத் தனியாள் யாரும் இல்லை என்று தோன்றியது. கும்பிடுகிற சாமியும் ஒரு பக்கம், கட்டிய புருசனும் ஒரு பக்கம். நடுவே நான்.

வந்ததும் அவர் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஆஸ்பத்திரி வராந்தா, வேண்டுதல், சிவப்புப் பூ. பலன் குறைந்தால் குறையட்டும் என்று ஆகிவிட்டது. அவர் அழப் போகிறாரோ என்று நினைத்தேன். வாய் கோணிக்கொண்டு ஒரு சத்தம் வந்தது. சிரிப்பு.

"கூறுகெட்டவளே" என்றார். "ஒன் ஆட்டத்தத்தான குடுத்த? என் ஆட்டத்த எவன் குடுத்தது?"

இத்தனை மாதத்தில் அவர் பேசிய நீளமான பேச்சு அது. பிறகு கட்டம் கிழிக்கச் சொன்னார். சாக்பீஸைத் தொடக் கூடாது என்று நான் வேண்டவில்லை, கிழித்தேன். அவரைச் சுவரில் சாய்த்து உட்கார வைத்தேன். தாயக்கட்டைக்கு மதினியைக் கூப்பிட்டேன், அவள் வந்து அவர் மடியில் எடுத்துப் போட்டுவிட்டுப் போனாள். என்னை எதிரே உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். முதலில் தனக்கு உருட்டினார். அப்புறம் கட்டையை மெதுவாகப் பொறுக்கி, "இது ஒனக்கு" என்று சொல்லி மறுபடி உருட்டினார்.

இடது கை சரியாக விரியவில்லை. ஒரு கட்டை எங்கோ ஓடும், ஒன்று மடியிலேயே கிடக்கும். இரண்டு பேருக்கும் அவரே உருட்ட வேண்டியிருந்ததால் கைக்கு இரட்டிப்பு வேலை. நான் கையை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு நாலு விழுந்தது. அவர் என் வளையல் துண்டை மூன்று கட்டம் நகர்த்திவிட்டு முகட்டைப் பார்த்தார்.

"ஏங்க! நாலுங்க! நாலு விழுந்திருக்கு!"

"மூணு."

"கண்ணு அவிஞ்சா போச்சு எனக்கு? நல்லாப் பாருங்க!"

நான் போட்ட சத்தத்துக்கு எனக்கே கூச்சமாகிவிட்டது. அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே பயந்தேன். இது ஆடுவதில் சேருமா, சேராதா? கட்டையை நான் தொடவில்லை. காயையும் தொடவில்லை. ஆனால் என் மனசு முழுக்க அந்தக் கட்டத்துக்குள்தான் இருந்தது. அதை ஆத்தாளிடம் மறைக்க முடியுமா?

கொஞ்ச நேரத்தில் அவர் களைத்துப் போனார். தோள் சரிந்துவிட்டது. தூக்கிப் படுக்க வைத்தேன். மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். சாயங்கால பஸ் வந்து போனது. வீடு பழையபடி அமைதியாகிவிட்டது. கதவைச் சாத்திவிட்டு விளக்கேற்றினேன். ஆத்தா படத்துக்கு முன்னால் நின்று ஒன்றும் கேட்கவில்லை. நடந்ததை மட்டும் நடந்தபடி சொன்னேன்.

அப்புறம் வீட்டைக் கூட்டினேன். கட்டத்தை அழிக்கவில்லை, சுற்றித்தான் கூட்டினேன். ஆட்டம் பாதியில் நிற்கிறது. அடுத்த உருட்டு என்னுடையது.