மாமாவின் கார் ஏன் ஓடவில்லை

வேகமாக ஓடவேண்டிய கம்ப்யூட்டர் ஏன் தவழ்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் எனக்கு இன்று சம்பளம் தருகிறார்கள். பாவம், என் சிறுவயது அவர்களுக்குத் தெரியாது.

அப்போது எங்களுக்கு மர்பி டவுனில் இரண்டு அறை வீடு. கோலார் தங்கவயலில் சுரங்கத்தை மூடியதும், அங்கே கணக்கு ஆபீஸில் இருந்த மாமா, அம்மாவின் தம்பி, வேலை தேடி எங்களிடம் வந்தார். கைக்கு வந்த செட்டில்மெண்ட் பணத்தில் முதல் காரியமாக, கேம் ஆடுவதற்கென்றே ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். அதற்குள் தனியாக ஒரு கிராபிக்ஸ் கார்டு. மாட்டிக்கொடுத்த கடைக்காரர் கம்ப்யூட்டரின் முதுகுப்பக்கத்தைக் காட்டி, "மானிட்டர் ஒயர் கீழ இருக்கிற கார்டுலதான் இருக்கணும். மேல மாட்டுனாலும் படம் வரும், ஆனா கேம் எல்லாம் ஸ்லோ ஆயிடும்" என்றார். நானும் மாமாவும் எந்தக் காரை முதலில் ஓட்டுவது என்ற பேச்சில் இருந்தோம். காபி டம்ளரோடு நின்ற அம்மா மட்டும் "ஆங்" என்றாள்.

அதன்பிறகு மாமா திரையில் பறந்தார். பேப்பரில் அம்மா வட்டம் போட்டுக் கொடுத்த வேலை விளம்பரங்களின் மேல்தான் மவுஸ் ஓடியது. ஒருநாள் சாப்பிடும்போது அப்பா யாரையும் பார்க்காமல், "ஒண்ணாந்தேதிக்குள்ள வேலைக்குப் போகலன்னா உன் தம்பிய வண்டி ஏத்திடு" என்றார். தங்கவயலில் மாமாவுக்கு மூடிய சுரங்கத்தைத் தவிர எதுவும் மிச்சமில்லை. அம்மா குழம்பு ஊற்றினாள்.

மறுநாள் காலையிலிருந்து கார் நகரவில்லை. கல்யாண ஆல்பம் புரட்டுவதுபோல் படம் படமாக வந்தது.

"மாட்டுவண்டியே முந்திக்கினு போவும் போலக்கீதுடா" என்றார் மாமா.

வைத்தியம் ஆரம்பித்தோம். ரேமைக் கழற்றி என் பள்ளி ரப்பரால் தேய்த்தோம். விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டோம். மூடியைத் திறந்து டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தோம். பெங்களூர் குளிரில் எங்கள் வீட்டில் ஃபேன் காற்று வாங்கியது அது ஒன்றுதான். வைரஸ் என்று நான் தீர்ப்புச் சொன்னேன். வைரஸ் என்றால் என்னவென்று தெரியாததால் உறுதியாகச் சொல்ல முடிந்தது. ஒவ்வொரு முறையும் ஒயர்களை எங்கிருந்து பிடுங்கினோமோ அங்கேயே மிகக் கவனமாகச் செருகினோம்.

அம்மா தினமும் பின்பக்கத்தைத் துணியால் துடைத்துக்கொண்டே விசாரிப்பாள். "இன்னாடா, இன்னும் சரியாவலையா?"

"ஆவலக்கா. டைப் அடிக்கத்தான் லாயக்கு."

"அப்ப பயோடேட்டாவாவது அடி. சும்மாதானே நிக்குது."

சலித்துப்போய் அடித்தார். பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலை ஸ்டோர்ஸில் வேலை கிடைத்தது. ஷிப்டு வேலை, பக்கத்திலேயே ரூம். கிளம்பும்போது, "இத நீயே வெச்சிக்கடா. ராசியில்லாத பொட்டி" என்றார்.

பல வருடங்கள் கழித்து, ஆபீஸில் ஒருவரின் கம்ப்யூட்டரைத் திருப்பி, மேல் சாக்கெட்டில் மானிட்டர் ஒயரைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. வீட்டுக்கு வந்து கேட்டேன். "எனக்கு இன்னாடா தெரியும் அதெல்லாம்? தூசி தொடச்சேன்" என்று அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கோளாறை நீக்க எங்கள் ஆபீஸில் பெரிய டீமே இருக்கிறது. தேவைப்பட்ட நாள்வரை மட்டும் ஒரு கோளாறை அளவாக வைத்திருக்கத் தெரிந்த ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அந்த வயதில், மாமா ரூமுக்குப் போன மறுநாள் கம்ப்யூட்டரைப் போட்டேன். கார் பறந்தது. அதற்கு மாமாவைத்தான் பிடிக்கவில்லை என்று முடிவுகட்டினேன். என் கூச்சல் கேட்டு அம்மா ஈரக்கையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மாமா எந்த வண்டிடா ஓட்டுவான்?"

"கருப்பு. அது வேஸ்ட்மா, வளைவுல கவுந்துடும். செவப்புதான் ஜெயிக்கும்."

"கருப்பையே ஓட்டு."

ஓட்டினேன். வளைவுக்கு வளைவு கவிழ்ந்து கடைசியாக வந்தது.

"இன்னொருவாட்டி" என்றாள்.

ஜெயிக்கிற வண்டி சும்மா நிற்கும்போது, தோற்கிற வண்டியையே பார்க்க இவளுக்கு என்ன ஆசை என்று எனக்கு எரிச்சலாக வந்தது.