அம்மா வாங்கிய எலக்ட்ரான்

இன்று ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் முட்டிவலிக்கு 'நெகட்டிவ் அயனி' காப்பு விற்றுக்கொண்டிருந்தார். அம்மா உடனே கையை நீட்டிவிட்டார்.

பள்ளியில் வேதியியல் நடத்துகிற நான் பக்கத்தில் நின்றுகொண்டு சும்மா இருக்க முடியுமா?

"அம்மா, அணுவுல புரோட்டானும் எலக்ட்ரானும் சமமா இருக்கும். எலக்ட்ரான் ஒண்ணு ஜாஸ்தியாச்சுன்னா நெகட்டிவ் அயனி. அவ்ளோதான். நாம திங்கற உப்புலயே இருக்குது."

அம்மா விற்பவரைப் பார்த்தார். "இன்னாப்பா, ஜாஸ்தியாவா குடுக்கற?"

"ஆமாம்மா, உங்களுக்காகத்தான்."

"ஜாஸ்தியா குடுக்கறவன்கிட்ட போய் சண்டை போடறியேடி!" என்று காப்பை மாட்டிக்கொண்டார்.

டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்த மாட்டேன் என்று பஸ்ஸிலேயே சத்தியம் வாங்கிவிட்டேன். அது ஒன்றுதான் என் சாதனை.

நாளை வலி குறைந்தால் பேர் யாருக்கு, மாத்திரைக்கா காப்புக்கா? அம்மாக்கள் உள்ளவர்கள் சொல்லுங்கள்.